ஒன்பதாம் பாகத்துக்குப் பச்சைச் சீட்டு

ஏப்ரல் 21, திங்கள்

இன்று கடையில் ஒரே அலமாரியை மூன்று தடவை மாற்றி அடுக்கினேன். மாயக்கதைத் தொடர்களை வாசல் பக்கமும், அறிவியல் கதைத் தொடர்களை ஃபேனுக்கு அடியிலும் வைத்தேன். மத்தியானம் பார்த்தால் பிடிக்கவில்லை. திருப்பி மாற்றினேன். சாயங்காலம் பழையபடியே வைத்தேன்.

கடை முதலாளி தாணு அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். "எம்மா கோமதி, அதுவ பாவம்லா, ஒரு எடத்துல இருக்கட்டும். நீயும் செத்த உக்காரு" என்றார்.

உட்கார முடிந்தால் உட்கார மாட்டேனா? ஜூன் ஒன்பதாம் தேதி நானும் நாயகமும் கோர்ட்டில் போய் நின்று, பிரிவதற்கு இரண்டு பேருக்கும் சம்மதம் என்று இரண்டாவது முறையாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பதினோரு வருஷக் கல்யாணம் முடிந்தது. இன்னும் நாற்பத்தொன்பது நாள். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணுகிறேன்.

ஏப்ரல் 23, புதன்

கோடை விடுமுறை வந்தாலே எனக்குக் கிராக்கிதான். ஆட்கள் வந்து, "லீவு முழுக்க வாசிக்கிற மாதிரி ஒரு நீளமான தொடர் சொல்லுங்க" என்பார்கள். நான் அவர்களிடம் எது பிடிக்கும் என்று கேட்பதே இல்லை. பிடித்ததைப் பற்றி எல்லோரும் கௌரவத்துக்காகப் பொய் சொல்வார்கள். கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேட்பேன். அதில் மட்டும் உண்மை வந்துவிடும்.

கடையில் இன்னொரு வழக்கமும் உண்டு. நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த புத்தகத்துக்குள் ஒரு பச்சை அட்டைச் சீட்டு இருக்கும். "கோமதி வாசித்தது" என்று மேலே போட்டு, யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று கீழே இரண்டு வரி எழுதியிருப்பேன். பாளையங்கோட்டையில் பாதிப் பேர் அட்டைப்படத்தைப் பார்ப்பதில்லை, சீட்டைத்தான் பார்க்கிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஒத்துக்கொள்கிறேன்.

இன்று எஸ்தர் டீச்சர் போன் பண்ணினார். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். நீளம் தாண்டுவது எப்படி என்று பிள்ளைகளுக்குத் தாண்டிக் காட்டி, காலை முறித்துக்கொண்டாராம். ஆறு வாரம் மாவுக்கட்டு.

"ஏ பிள்ள, எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு. டிவி பாத்துப் பாத்துக் கண்ணு அவிஞ்சு போச்சு. எதாவது குடேன்."

"கடைசியா எந்தப் புத்தகத்தப் பாதியில விட்டீங்க டீச்சர்?"

"கபடி ரூல் புக்கு. பாதிக்கு மேல எனக்கே தெரியும், எதுக்கு வாசிக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதையே வாசிக்காதவர். ஓட்டமும் சாட்டமுமாக இருந்தவரைக் கட்டிலில் கிடத்தி வைக்க வேண்டுமென்றால் நகர்தீவுதான் சரி. ஒன்பது பாகம். வருஷா வருஷம் இடம் மாறும் ஒரு தீவு. அதைத் தேடிப் போகிற மீளி என்கிற வரைபடக்காரி, அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், வழி முழுக்கச் சண்டை போடுகிற துரவன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் முதல் பாகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"ஒம்பது பாகமும் நீ வாசிச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"பச்சைச் சீட்டு இருக்கு பாருங்க" என்றேன்.

ஏப்ரல் 26, சனி

வீட்டில் ஃபேன் சத்தம் போடுகிறது. ஆள் வரச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

டீச்சர் முதல் பாகத்தை நாலு நாளில் முடித்துவிட்டார். இரண்டையும் மூன்றையும் சேர்த்துக் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். மாவுக்கட்டு மேல் தலையணையை வைத்து, அதன் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்திருக்கிறார்.

"இந்தத் துரவன் பய இருக்கானே, இவன் என் டீம்ல இருந்தான்னா கிரவுண்ட நாலு ரவுண்டு ஓட விட்டிருப்பேன். வாயத் தொறந்தா நக்கல்."

"போகப் போகப் பிடிக்கும் டீச்சர்."

"பிடிக்கலன்னு எவ சொன்னா?"

நாயகமும் இதேதான் சொன்னார். எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை, கை எழுதிவிட்டது.

மே 3, சனி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடைக்கு வந்த ஒரு என்ஜினியர், விண்வெளிக் கதை வேண்டும், ஆனால் காதல் கூடாது, ஆள் சாகக் கூடாது, அரசியல் கூடாது என்றார். "அப்ப ராக்கெட் மட்டும் தனியாப் போவும், பரவாயில்லையா?" என்றேன். அண்ணாச்சி முறைத்தார். கடைசியில் ஐந்து பாகத் தொடர் ஒன்றின் முதல் பாகத்தை வாங்கிக்கொண்டு போனார். அதில் காதலும் உண்டு, சாவும் உண்டு. வாசித்துவிட்டு அடுத்த பாகத்துக்கு வருவார்.

நாயகம் கல்யாணத்துக்கு முன்னால் தினசரி தவிர எதுவும் வாசித்தவரில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருவார். கல்யாணமான முதல் வருஷம் நான் நகர்தீவின் முதல் பாகத்தை வைத்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்து, "அப்படி என்னதான் இருக்கு அதுல, குடு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். ஒரு பாகத்துக்கு ஒரே புத்தகம்தான் வாங்க வேண்டும். ஒருவர் முடித்த அத்தியாயத்தை மற்றவர் முடிக்கிற வரை அடுத்ததைத் தொடக் கூடாது. நான் வேகம், அவர் மெதுவு. வார்த்தை வார்த்தையாக வாசிப்பார், உதடு அசையும். அவர் ஒரு அத்தியாயம் முடிக்க நான் மூன்று நாள் காத்துக் கிடப்பேன். "எத்தனாம் பக்கம்?" என்று அடுக்களையிலிருந்து கத்துவேன். "அவசரப்படாத, மழை பெய்யுது இங்க" என்பார். கதைக்குள் பெய்கிற மழையைச் சொல்வார்.

ஏழு பாகம் அப்படி வாசித்தோம்.

மே 8, வியாழன்

டீச்சர் ஐந்தாம் பாகத்தின் நடுவில் இருக்கிறார். இன்று நான் போனதும் புத்தகத்தைப் படக்கென்று மூடி மார்பில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்த மீளிப் பிள்ள கடைசில சாவுதாளா?"

"முடிவெல்லாம் சொல்லக் கூடாது டீச்சர்."

"நீ சொல்லலன்னா இதோட நிறுத்திருவேன். எனக்கு அந்தத் தெம்பெல்லாம் கெடயாது. எங்க வீட்டுக்காரர் போயி வருஷம் மூணுதான் ஆவுது. கதையிலயும் ஒருத்திய அடக்கம் பண்ணிட்டு என்னால கெடக்க முடியாது. கட்டு வேற போட்டிருக்கு, எந்திச்சு நாலு எட்டு ஓடவும் முடியாது."

பதினாலு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். யாருக்கும் முடிவைச் சொன்னதில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும், "சாக மாட்டா டீச்சர். உசுரோடதான் இருப்பா" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

மே 9, வெள்ளி

பொய் சொல்லிவிட்டேன். ஒன்பதாம் பாகத்தின் கடைசியில் துரவனே மீளியைப் படகிலிருந்து கடலில் தள்ளிவிடுவான். எனக்குத் தெரியும்.

மே 10, சனி

எனக்குத் தெரியும் என்று எழுதியதைத் திருத்தி எழுத வேண்டும். யாரும் வாசிக்கப்போவதில்லை, இதிலாவது உண்மையை எழுதலாம். எட்டாம் பாகத்தைப் பாதி வரைதான் வாசித்திருக்கிறேன். ஒன்பதாம் பாகத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. முடிவு எனக்கு ஒருவர் சொல்லித் தெரியும்.

ஆனாலும் கடையில் ஒன்பதுக்கும் பச்சைச் சீட்டு வைத்தேன். ஏழு வரை வைத்துவிட்டு அதற்கு மேல் வைக்காமல் விட்டால் அண்ணாச்சி ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் வைத்தேன். "கடைசி வரை மனசை விடாமல் பிடித்துக்கொள்ளும்" என்று வேறு எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

மே 14, புதன்

சரியான தூக்கம் இல்லை. காலையில் எழுந்து ஜன்னல் கம்பியெல்லாம் துடைத்தேன்.

நடந்தது இதுதான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நாயகம் தூத்துக்குடிக்கே குடிபோகிற மாதிரி ஒரு பதவிக்கு என்னிடம் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பயங்கரச் சண்டை. அதில் நான் ஒன்று சொன்னேன், அவர் ஒன்று சொன்னார். அவர் சொன்னது: "நீ இன்னும் எட்டாவதுலயே நிக்க. நான் எட்டும் முடிச்சு ஒம்பதும் முடிச்சாச்சு. தூத்துக்குடில வாங்கி வாசிச்சேன். துரவன் அவளக் கடல்ல தள்ளிருதான், போதுமா?"

வேறு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். புருஷன் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, இன்னொருத்தியிடம் போகவில்லை. எனக்கு முன்னால் இரண்டு புத்தகம் வாசித்துவிட்டார். அதற்கா விவாகரத்து? ஆனால் எனக்கு அது இன்னொருத்தியிடம் போனது மாதிரிதான் இருந்தது. மூன்று மூன்று நாள் நான் காத்துக் கிடந்தேனே! அவர் எனக்குத் தெரியாமல் போய் முடித்துவிட்டு வந்து, முடிவையும் முகத்தில் எறிந்துவிட்டார். மறுவாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனார். நான் தடுக்கவில்லை. அவரும் அதன்பிறகு ஒரு போன் பண்ணவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டு நான்தான் வக்கீலைப் பார்த்தேன். மனுவில் "கருத்து வேறுபாடு" என்று எழுதியிருக்கிறது.

மே 19, திங்கள்

வக்கீலம்மா போன் பண்ணினார். ஒன்பதாம் தேதி பத்தரைக்கு வந்துவிட வேண்டுமாம். ஐந்து நிமிஷ வேலை என்றார்.

மே 24, சனி

டீச்சருக்கு எட்டாம் பாகத்தைக் கொடுத்தேன். "ஒம்பதையும் குடுத்துட்டுப் போயேன், ஒரு வழியா முடிச்சிருதேன்" என்றார். ஸ்டாக் இல்லை என்றேன். கடையில் மூன்று பிரதி இருக்கிறது. மூன்றையும் சமையல் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். இந்த லட்சணத்தில் நான் ஊருக்குப் புத்தகம் பரிந்துரைக்கிறேன்.

என் பயம் என்னவென்றால், அவர் என்னை நம்பிவிட்டார். அவரும் இந்தக் கட்டோடு தனியாகத்தான் கிடக்கிறார். ஜூன் இரண்டாம் தேதி கட்டைப் பிரித்துவிட்டால் மைதானத்துக்கு ஓடிவிடுவார், புத்தகத்தை மறந்துவிடுவார். அதுவரை இழுத்தால் போதும்.

மே 28, புதன்

இழுக்க முடியவில்லை. நான் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில் டீச்சர் அண்ணாச்சிக்கே போன் பண்ணிவிட்டார். அண்ணாச்சி கடை முழுக்கத் தேடி, சமையல் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து, தன் வண்டியிலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

"ஏம்மா, புளிக்கொழம்புக்குப் பின்னால எதுக்கு மாயக்கதையச் சொருகி வச்சிருக்க?"

"தூசி தட்டும்போது மாறிருக்கும் அண்ணாச்சி."

"தட்டிக்கிட்டேதான் இருக்க நீ. ஒடம்புக்கு எதும் செய்யுதா?"

இல்லை என்றேன். பிறகு தண்ணீர் குடிக்கிற மாதிரி உள்ளே போய் நின்றேன்.

மே 31, சனி

டீச்சரிடமிருந்து போன் இல்லை. முப்பது தடவையாவது போனை எடுத்துப் பார்த்திருப்பேன். சத்தியம் வேறு பண்ணித் தொலைத்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

இன்றும் இல்லை.

ஜூன் 2, திங்கள்

டீச்சர் கடைக்கே வந்துவிட்டார். கட்டுப் பிரித்தாகிவிட்டது. கையில் ஊன்றுகோல், கக்கத்தில் ஒன்பதாம் பாகம். படியேறும்போதே, "ஏ கோமதி!" என்று மைதானத்தில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார். ஏச்சு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன்.

"நீ சத்தியம் பண்ணதுனால பிழைச்சேன். இல்லன்னா படகு கவுந்த எடத்துலயே மூடி வச்சிருப்பேன். இருவது பக்கம் ரெண்டு பேரயும் காணல, தெரியும்லா? நீதான் உசுரோட இருப்பான்னு சொன்னியேன்னு பல்லக் கடிச்சிட்டு வாசிச்சேன்."

"இருக்காளா?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னட்டி, இருக்காளான்னு என்ட்ட கேக்க? ரெண்டும் கரையில ஒக்காந்து வடக்கு எந்தப் பக்கம்னு சண்டை போடுதுவ. அதோட முடிஞ்சுது கதை."

"துரவன் அவளத் தள்ளலையா?"

"அவனா? அவ முடியப் பிடிச்சு இழுத்துக் கரைசேத்ததே அவன்தான். நீ வேற கதை எதையும் நெனச்சிக்கிட்டுப் பேசுதியா?"

ஆமாம் டீச்சர், நிறைய வாசிப்பதால் குழம்பிவிட்டது என்றேன். அடுத்து என்ன வாசிக்கலாம் என்று கேட்டார். என்ன சொல்லி அனுப்பினேன் என்று இப்போது நினைவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

நாயகம் அந்தப் புத்தகத்தை வாசிக்கவே இல்லை. வாசித்தவர் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. நான் நின்ற இடத்தில்தான் அவரும் நின்றிருக்கிறார். எனக்கு முன்னால் போகவே இல்லை.

இன்று எட்டிலிருந்தும் ஒன்பதிலிருந்தும் பச்சைச் சீட்டுகளை உருவிக் கிழித்துப் போட்டேன். அண்ணாச்சியிடம் உண்மையைச் சொன்னேன். "வாசிக்காம எழுதிட்டேன் அண்ணாச்சி." அவர், "வேற எதுலயும் அப்படிப் பண்ணிருக்கியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப சரி" என்று பில் புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

ஜூன் 4, புதன்

சந்தோஷப்பட வேண்டுமா, கோபப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. பொய் சொல்லி ஒருத்தியை ஒன்றரை வருஷம் வேக வைக்கலாமா? ஒரு வார்த்தை, "சும்மா சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? போனை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

அவர் சொன்னதை மட்டும் எழுதிவிட்டு நான் சொன்னதை எழுதாமல் விட்டேன். அன்று முதலில் பேசியது நான்தான்.

"நீங்க வாசிக்கிறதே எனக்காகப் போடுற வேஷம். உதட்ட அசச்சு அசச்சு வாசிக்கிற ஆளுக்கு இந்தக் கதையெல்லாம் எங்க புரியும்? ஒங்களுக்காக நான் ஏழு பாகம் நொண்டி நொண்டி நடந்தேன்."

இதைக் கேட்ட பிறகுதான் அவர் எட்டும் முடித்தேன், ஒன்பதும் முடித்தேன் என்றார். என் வேகத்துக்கு மேலே ஓடுகிறவர் என்று காட்ட அவருக்கு வேறு என்ன வழி இருந்தது? எழுதிப் பார்க்கும்போதுதான் எனக்கே உறைக்கிறது. பாவி நான்.

ஜூன் 8, ஞாயிறு

நாளைக்கு.

ஜூன் 9, திங்கள்

பத்து மணிக்கே போய்விட்டேன். வராந்தா பெஞ்சில் இடமில்லை. வக்கீலம்மா வேறு ஒரு கேஸுக்காக மாடிக்குப் போயிருந்தார். நாயகம் தூத்துக்குடி பஸ்ஸில் வந்து இறங்கி நேரே வந்திருக்கிறார் போல, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இளைத்துவிட்டார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் தூணோரம் நின்றார்.

நான்தான் பக்கத்தில் போனேன். என்னென்னவோ பேச யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது இதுதான்.

"ஒம்பதாவதுல துரவன் அவளத் தள்ளலியாமே."

அவர் என் முகத்தையே பார்த்தார். "இப்பத்தான் வாசிச்சியா?"

"நான் வாசிக்கல. எஸ்தர் டீச்சர் வாசிச்சிட்டுச் சொன்னாங்க."

"நீ வாசிக்கலயா?" குரல் ஏறிவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். "இன்னும் வாசிக்கலயா நீ?"

"நீங்க அன்னைக்கு வாசிக்காமத்தான சொன்னீங்க?"

"வாசிக்கலதான். வாய்க்கு வந்ததச் சொன்னேன். தூத்துக்குடி போன பத்தாம் நாளு வாங்கி, எட்டு, ஒம்பது ரெண்டையும் வாசிச்சேன். எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. முடிச்சதும் ஒரு பக்கம் நிம்மதியா இருந்துச்சு. நான் சொன்னது பொய்யின்னு அந்தப் புத்தகத்துலயே இருக்குலா. கோமதி எப்படியும் வாசிச்சிருவா, வாசிச்சா தெரிஞ்சிரும், தெரிஞ்சா போன் பண்ணிருவான்னு இருந்தேன்."

"நீங்களே பண்ணிச் சொல்லிருக்கலாம்லா?"

"நீ வாசிக்காம விட்டுருவேன்னு நான் எப்படி நெனப்பேன்? நீ தொட்டு முடிக்காத தொடர் உண்டா இந்த ஊருல? மாசம் ஒண்ணாச்சு, ரெண்டாச்சு, வருஷமும் ஆச்சு. அப்புறம் வக்கீல் கடுதாசி வந்துது. சரி, எல்லாம் தெரிஞ்சும் நான் வேண்டாம்னுதான் அனுப்பியிருக்கான்னு கையெழுத்துப் போட்டேன்."

அவர் எழுதாத கடிதம் நான் வேலை செய்கிற கடையிலேயே, என் கைக்கு எட்டுகிற அலமாரியில் ஒன்றரை வருஷம் இருந்திருக்கிறது. நான் அதன் மேல் வாசித்ததாகச் சீட்டு வைத்து ஊராருக்கு விற்றுக்கொண்டிருந்தேன்.

"நான் அன்னைக்கு ஒங்க வாசிப்பப் பத்திச் சொன்னது" என்று ஆரம்பித்தேன்.

"அது இன்னும் வலிக்கத்தான் செய்யுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "இப்பவும் புத்தகத்தத் தொறந்தா, உதடு அசையுதான்னு பாத்துக்கிடுதேன்."

அழக் கூடாது என்று இருந்தேன். வராந்தாவில் அத்தனை பேருக்கு நடுவில் அழுதுவிட்டேன். அவர் கைக்குட்டையை எடுத்து, வேர்வையாக இருக்கிறது என்று பார்த்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டவாலி வாசலுக்கு வந்து எங்கள் இரண்டு பேர் பெயரையும் உரக்கக் கூப்பிட்டார். வக்கீலம்மாவும் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். உள்ளே போய் நின்றோம். ஜட்ஜம்மா தாளைப் பார்த்துக்கொண்டே, சம்மதத்தில் மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் நாயகத்தைப் பார்க்கவில்லை. அவர் என்ன சொல்வாரோ என்று பயம். "எனக்கு அவகாசம் வேணும்மா" என்றேன். வக்கீலம்மா என் பக்கம் திரும்பிய வேகத்தில் கழுத்துச் சுளுக்கியிருக்கும்.

"நீங்க?" என்றார் ஜட்ஜம்மா, நாயகத்திடம்.

அவர் வழக்கம்போல மெதுவாகத்தான் பதில் சொன்னார். அந்த நேரம் எனக்கு எவ்வளவு நீளம் என்று சொல்லி முடியாது. "எனக்கும் வேணும்மா. இவட்ட பேச வேண்டியது இருக்கு."

ஜூலை பதினாலுக்கு வாய்தா போட்டார்கள்.

வெளியே வந்ததும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். வாங்க என்றேன். பஸ் ஏறப் போனவர் திரும்பி வந்து, "எட்டாவதுல நீ எங்க நிக்க?" என்று கேட்டார்.

"புயலுக்கு முந்தி."

"நல்ல எடம். அவசரப்படாம வாசி" என்றார். "நான் காத்திருக்கேன்."